'இறுக்கிய ஜெலட்டின்' என்று சீட்டு ஒட்டிய தாள்: அச்சுப் போடுமுன் வெந்நீரில் போட்டுப் பாருங்கள்

கம் பைகுரோமேட் அச்சுக்கென்று ஒரு கட்டுத் தாள் வந்தது. பிசினில் நிறமியும், வெளிச்சம் பட்டால் அதை இறுக்கும் டைகுரோமேட் உப்பும் கலந்து தாளில் பூசி, வெளிச்சம் காட்டி, நீரில் கழுவிப் படம் எடுக்கும் முறை இது; ஒரே படத்துக்குப் பல பூச்சு போடுவதுண்டு. 'ஜெலட்டின் சைஸிங், கிளையாக்சாலில் இறுக்கியது' என்று சீட்டு. சைஸிங் என்றால் தாள் நீரையும் நிறமியையும் உறிஞ்சாமல் தடுக்கும் சரக்கு; கிளையாக்சால் என்பது ஜெலட்டினை வெந்நீரிலும் கரையாதபடி இறுக்கும் ரசாயனம். பருத்தித் தாள்தான், குறையில்லை. ஜெலட்டினும் இருக்கிறது. இறுக்கியது என்பதுதான் பொய்.

முதல் பூச்சில் இது பிடிபடாது, விற்பவருக்கு அதுவே வசதி. இறுகாத ஜெலட்டின் குளிர்ந்த நீரில் ஊறி உப்புமே தவிரக் கரையாது. வெளிச்சம் பட்ட இடத்தில் டைகுரோமேட்டே அதைக் கொஞ்சம் இறுக்கியும் விடும். ஆகவே முதல் படம் சுத்தமாகவே வரலாம். அடுத்தடுத்த பூச்சுகளில் ஊறிய ஜெலட்டினுக்குள் நிறமி புதைந்து, வெள்ளையாக இருக்கவேண்டிய இடமெல்லாம் கறையாகும். வெதுவெதுப்பான நீரில் கழுவினால் படமே வழுக்கிக்கொண்டு வரும். எக்ஸ்போஷரை (வெளிச்சம் காட்டும் நேரத்தை) மாற்றி, நிறமியைக் குறைத்து, பாதிக் கட்டைத் தீர்த்த பிறகுதான் சந்தேகம் தாள் பக்கம் திரும்பும்.

சோதிப்பது எளிது. ஓரத்தில் 2 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, 50 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் போட்டு, விரலால் தேயுங்கள். இறுகிய பூச்சு வழுக்காது. இந்தக் கட்டில் எடுத்த துண்டு சோப்பு மாதிரி வழுக்கியது.

விற்றவர் சொன்ன பதில்: ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சாமல் நிற்கும். நிற்கத்தான் செய்யும். ஆலையிலேயே கூழில் சைஸிங் சேர்த்த வெறும் தாளிலும் அப்படித்தான் நிற்கும். சொட்டு நிற்பதற்கும் ஜெலட்டின் இறுகியதற்கும் சம்பந்தமில்லை.

மேலும் வற்புறுத்தியபோது, 'கிளையாக்சால் 40%' என்று எழுதிய ஒரு குப்பி வந்தது, நீங்களே இறுக்கிக்கொள்ளுங்கள் என்று. குப்பியையும் நம்பக்கூடாது. 3% ஜெலட்டின் கரைசலை இரண்டு கிண்ணத்தில் 50 மி.லி. வீதம் ஊற்றி, ஒன்றில் மட்டும் குப்பியிலிருந்து 1 மி.லி. கலந்து, மூடி ஒரு நாள் வையுங்கள். பிறகு இரண்டையும் 60 டிகிரி நீரில் நிறுத்துங்கள். சரக்கு நல்லதென்றால் கலந்தது உருகாது. இந்தக் குப்பி விஷயத்தில் இரண்டும் ஒன்றாகவே உருகி ஓடின.

இப்படிப்பட்ட தாள் கையில் மாட்டியிருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பூச்சு இருக்கிறது, இறுக்கம்தான் பாக்கி. நம்பகமான 40% கிளையாக்சால் 25 மி.லி.யை 1 லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். லேசான காரத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். வெந்நீர் கூடாது, இறுகுவதற்குள் ஜெலட்டின் கரைந்துவிடும். தாளை 5 நிமிடம் முக்கி எடுத்துத் தொங்கவிடுங்கள். கையுறை அவசியம், ஜன்னல் திறந்திருக்கட்டும். காய்ந்த பின் குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி 10 நிமிடமாவது அலசுங்கள். மிச்சம் தங்கினால் தாள் மாதக்கணக்கில் மெல்ல மஞ்சளாகும். மறுபடி காயவைத்து, ஒரு துண்டை 50 டிகிரி நீரில் போட்டுத் தேய்த்துப் பார்த்த பிறகே நிறமியைக் கலக்குங்கள்.