சென்னை மொட்டைமாடியில் நெபுலா ஃபில்டர்கள்: ஐந்து வருட அனுபவம்

முதல் ராத்திரி எனக்கு ஏமாற்றம்தான். எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில், நகர வெளிச்சத்தை வடிகட்டும் யூஹெச்சி (UHC) ஃபில்டரை மாட்டி, ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைப் பார்த்தால், நட்சத்திரங்கள் எல்லாம் மங்கிப்போயிருந்தன. கால் மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்த பிறகுதான் நெபுலாவின் இரண்டு சிறகுகளும் மெல்ல விரிந்தன.

ஃபில்டர் நெபுலாவுக்கு வெளிச்சம் கூட்டாது, வானத்தைத்தான் இருட்டாக்கும். ஒளிரும் வாயு நெபுலாக்களில் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் ஆக்சிஜனின் 496, 501 நானோமீட்டரிலும் ஹைட்ரஜனின் 486-லும் வருகிறது. யூஹெச்சி இந்த மூன்றையும் விடும். ஓ-3 (OIII) என்ற இன்னொரு ஃபில்டர் ஆக்சிஜனை மட்டும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி 589-க்குப் பக்கத்தில் இருப்பதால் சுத்தமாக அடிபட்டுவிடும். எங்கள் தெருவுக்கு எல்இடி வந்த பிறகு யூஹெச்சி பாதி பலம் இழந்த மாதிரி இருக்கிறது, ஏனென்றால் அந்த வெள்ளை ஒளி எல்லா அலைநீளத்திலும் பரவிக் கிடக்கிறது. குறுகலான ஓ-3 இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

செப்டம்பரில் மழை விட்ட ஓர் இரவில் டம்பெல் நெபுலா, எம்27, கிட்டத்தட்ட உச்சியில் இருந்தது. ஃபில்டர் இல்லாமல் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) ஒரு புகைக்கறை. ஓ-3 மாட்டியதும் கடித்துப் போட்ட ஆப்பிள் மாதிரி நடுவில் ஒடுங்கிய உருவம். பார்வையைச் சற்று ஒதுக்கினால் பக்கவாட்டிலும் மங்கலான ஒளி.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. என்ஜிசி 6572 என்ற குட்டி நெபுலா நட்சத்திரம் போலவே இருக்கும். ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே ஓ-3 ஃபில்டரைப் பிடித்து ஆட்டினால், சுற்றியுள்ள நட்சத்திரங்கள் அணைந்து அணைந்து எரியும், அது மட்டும் அசராமல் நிற்கும். அதைக் கண்டுபிடித்த நாளில் தூக்கமே வரவில்லை.

உருப்பெருக்கத்தைக் குறைவாக வையுங்கள். என்னுடைய 1200 மி.மீ. குவியத் தொலைவுக்கு 25 மி.மீ. ஐபீஸ் சரியாக இருக்கிறது, 10 மி.மீ. போட்டால் பெரிய நெபுலாக்கள் கரைந்துவிடும். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்துக்கும் கார்த்திகைக் கூட்டத்துக்கும் இந்த ஃபில்டர்கள் எதுவும் உதவாது, அவற்றின் ஒளி நட்சத்திரங்களிலிருந்து வருவது.

கண் இருட்டுக்குப் பழக, தலையில் கறுப்புத் துணி போர்த்தி இருபது நிமிடம் இருங்கள். விலை கூடிய ஃபில்டரைவிட அது எனக்கு அதிகம் கொடுத்திருக்கிறது. அப்புறம், நம் ஊர் ஈரப்பதத்தில் ஃபில்டரில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், எட்டு அங்குலத்துக்கு ஓ-3. நான்கு அங்குலமோ அதற்குக் கீழோ என்றால் யூஹெச்சி.