ஜவ்வு கிழிந்ததோடு முடியாத முழங்கால்

இந்த முறை ஊர்ப் பயணத்தில் பாதி நாட்கள் தம்பியின் முழங்காலோடு ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் போயின, அதனால் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பைக்கில் இருந்து விழுந்து மாதக்கணக்காகியும் வீக்கம் வடியவில்லை. ஸ்கேனில் ஜவ்வு லேசாகக் கிழிந்திருப்பது தெரிந்ததும் வலி மாத்திரை, முட்டி உறை, "அடிபட்டதுதானே, ஆறிடும்" என்ற ஒரே பதில்.

நான் கூடப் போன அன்று எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தைத்தான் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. பேன்ட்டை மடிக்கக்கூடச் சொல்லவில்லை! காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் முட்டி மடங்குவதில்லை, நடக்க நடக்கத்தான் சரியாகிறது என்று தம்பி சொல்ல ஆரம்பித்தபோதே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் இருக்கும் நாட்டில் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் உள்ளே போய்விட்டால் பேச விடுவார்கள். இங்கே ரத்தம் கொடுத்த அன்று மாலையே ரிசல்ட் கைக்கு வந்துவிடுகிறது, அதற்காக அங்கே எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன், அதே அவசரம் டாக்டரின் அறைக்குள்ளும் இருந்தால் என்ன செய்வது?

அப்புறம் வேறு இடத்தில் ஒரு வாதநோய் நிபுணர். அவர் முட்டியைத் தொடும் முன்பே கையை நீட்டச் சொன்னார். நகங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊசியால் குத்தியதுபோல் பொடிப் பொடிக் குழிகள், கூடப் பிறந்த நானே இதுவரை கவனித்ததில்லை. பிறகு முழங்கை, காதுக்குப் பின்புறம், முடியை விலக்கி உச்சந்தலை. "இந்தப் பொடுகு எத்தனை நாளா இருக்கு?" "சின்ன வயசுல இருந்தே சார்." "வீட்ல யாருக்காவது சொரியாசிஸ்?" தோலில் செதில் செதிலாகப் படை வரும் அந்த நோய் அப்பாவுக்கு உண்டு என்றேன். அதுவரை பார்த்த யாருமே கேட்காத கேள்வி அது.

முட்டியில் இருந்து நீர் எடுத்து, கிருமி இருக்கிறதா, யூரிக் அமிலப் படிகம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அடிபட்ட மூட்டில் அந்தப் படிகத்தால் வரும் கௌட் என்ற மூட்டுவலியும் கிளம்பக்கூடுமாம். இரண்டும் இல்லை, வெள்ளணுக்கள்தான் ஏகத்துக்கும். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்த டெஸ்ட்டான ருமட்டாய்டு ஃபேக்டர் நெகட்டிவ். தம்பிக்கு இருப்பது சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ், அதாவது சொரியாசிஸோடு சேர்ந்து வரும் மூட்டு அழற்சி என்றார். அதில் அந்த டெஸ்ட் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

அப்படியானால் விழுந்ததுதான் காரணமா? அதையும் பொறுமையாக விளக்கினார். சொரியாசிஸ் உள்ள சிலருக்குத் தோலில் கீறல் பட்டால் அந்தக் கோட்டிலேயே புதுப் படை எழும்பும். 19-ம் நூற்றாண்டில் கோப்னர் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதி வைத்தது இது. தசைநாண் எலும்பைப் பிடித்திருக்கும் இடத்தில் அடிபடும்போதும் அதே மாதிரி அழற்சி தூண்டப்படலாம் என்று கருதுகிறார்கள். சொரியாசிஸ் உள்ளவர்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பிலோ மூட்டிலோ அடிபட்டவர்களுக்கு இந்த மூட்டு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. தோலில் மட்டும் காயம்பட்டவர்களிடம் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் அடிபட்ட பெரும்பாலோருக்கு இது வருவதில்லை, உடம்புக்குள் ஏற்கெனவே அந்த நோய்க்கான நாட்டம் இருக்க வேண்டும். முட்டி வீங்கினால் எவரும் என்றோ விழுந்ததை நினைவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள் என்பதால், தம்பி விஷயத்தில் அந்த விபத்துதான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து ஆரம்பித்தாயிற்று. தினமும் இல்லை, வாரத்துக்கு ஒரே ஒரு நாள், எந்தக் கிழமை என்று சீட்டிலேயே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். இடையிடையே ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் டெஸ்ட். முதல் ஆஸ்பத்திரி ஃபைலில் இன்னும் "அடிபட்ட முழங்கால்" என்றுதான் இருக்கிறது. புது ரிப்போர்ட்டை அதில் சேர்க்கச் சொல்லிப் போனால், டாக்டரைப் பார்க்க மறுபடியும் டோக்கன் போடச் சொல்கிறார்கள்.