தென்னம்பிள்ளைக்கு வாங்கிய வேப்பம் பிண்ணாக்கு: திருகோணமலைக் கடையொன்றில் என் அனுபவம்

உப்புவெளியில் எங்கள் வளவில் நிற்கும் மூன்று வயதுத் தென்னம்பிள்ளையின் புதிய ஓலைகள் கத்தரியால் நறுக்கியவை போல ஆப்பு வடிவ வெட்டுகளுடன் விரியத் தொடங்கின. குருத்தின் அடியில் விரல் நுழையுமளவு துளையும், அதன் வாயில் சப்பித் தள்ளிய நாரும் இருந்தன. எங்கள் பக்கத்தில் கருவண்டு எனப்படும் காண்டாமிருக வண்டின் வேலை அது. விரியாத குருத்துக்குள் மடிந்திருக்கும் இலைகளை அது துளைத்துவிடுவதால், காயம் பட்டு நாட்கள் பல கழிந்து ஓலை விரியும்போதே நமக்குச் சேதம் தெரிகிறது.

நகரச் சந்தைக்கு அருகிலுள்ள விவசாயப் பொருள் கடையொன்றில் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்குக் கேட்டேன். கைபேசியில் இருந்த படத்தைப் பார்த்த கடைக்காரர், பொதியை எடுப்பதற்கு முன், "முதலில வண்டு உள்ளுக்க இருக்கோ எண்டு பாருங்கோ அக்கா, அதை விட்டிட்டு மருந்து போட்டுப் பிரயோசனமில்லை" என்றார். நுனி வளைத்த கம்பியால் வண்டை இழுத்தெடுத்த பிறகு, பிண்ணாக்குத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து, குருத்தை ஒட்டிய மூன்று மட்டைக் கவடுகளில் மொத்தம் 150 கிராம் அளவில் இடும்படியும், மழை கழுவிவிட்டால் மீண்டும் இடும்படியும் விளக்கினார். மாட்டெருவை எங்கே குவித்திருக்கிறேன் என்று அவர் கேட்டதுதான் எனக்குப் பெரிய உதவியாயிற்று. வீட்டுக்கு வந்து குவியலைக் கிளறியபோது, வளைந்து சுருண்ட தடித்த வெள்ளைப் புழுக்கள் அடியில் கிடந்தன. அவற்றைக் கோழிகளுக்குப் போட்டேன். நான் உரமென்று சேர்த்து வைத்த குவியலே வண்டுகளை வளர்த்திருக்கிறது என்பது மனத்தை மிகவும் வருத்தியது.

பிண்ணாக்கின் தரத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பொதியில் உற்பத்தித் திகதி இல்லை; கசப்பு மணம் நன்றாக இருந்தபோதிலும், அடிப்பகுதி ஈரத்தில் கட்டிபட்டுச் சில கட்டிகளில் பூஞ்சணமும் பிடித்திருந்ததால், அவற்றை விலக்கி மற்றதை வெயிலில் உலர்த்தி இடிக்க வேண்டியிருந்தது. வாங்குபவர்கள் பொதியின் அடியை அழுத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

அதன்பின் வந்த இரண்டு ஓலைகளும் பழைய வெட்டுடனேயே விரிந்தன. அவை ஏற்கெனவே குருத்துக்குள் காயப்பட்டவை என்பதால் நான் கலங்கவில்லை. பச்சையாக இருக்கும் ஓலை எவ்வளவு கிழிந்திருந்தாலும் பிள்ளைக்கு உணவு தயாரிக்கும் என்பதால் ஒன்றையும் வெட்டவில்லை. கச்சான் காற்று மணலைக் காயவைக்கும் நாட்களில் அடியில் தென்னம்மட்டை பரப்பி மாலையில் தண்ணீர் விட்டேன். மூன்றாவது ஓலை ஒரு கீற்றும் குறையாமல் முழுமையாக விரிந்திருக்கிறது. ஆயினும் காயத்தின் வாசனைக்குத் தென்னையைத் தாக்கும் இன்னொரு வண்டான செவ்வண்டு வந்து முட்டையிடக்கூடும் என்பதால், பழைய துளையைக் கிழமைக்கு ஒருமுறை பார்த்து வருகிறேன். அடுத்த மாரிக்கு முன் அதே கடையில் இன்னொரு பொதி வாங்குவேன்.