புராஸ்டேட் வீக்கம்: மாத்திரையிலேயே இருப்பதா, லேசரில் முடித்துக்கொள்வதா?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வயதாகும்போது வீங்குவதற்கு இன்றைக்கு ஏழெட்டு வைத்தியம் இருக்கிறது. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தில் இருந்துகொண்டு மதுரைக்கோ திருச்சிக்கோ போய்ப் பார்த்துக்கொள்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, முடிவெடுக்க வேண்டியது பெரும்பாலும் மூன்றுக்குள்தான். மாத்திரையோடு இருப்பது ஒன்று. டியுஆர்பி என்கிற பழகிப்போன அறுவை இன்னொன்று. மூன்றாவது ஹோலெப் என்கிற லேசர் அறுவை. நான் சில வருடம் மாத்திரையில் இருந்துவிட்டு லேசருக்குப் போனவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாய்வுக்குக் காரணம் லேசரின் புதுமை இல்லை, வைத்தியத்துக்குப் பிறகான பராமரிப்பு. வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிற பெரிய வீட்டில் எது குறைவான கவனிப்பைக் கேட்கிறது என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

அடிப்படை விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். அதனால்தான் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், மருத்துவர் ஆசனவாய் வழியாக விரல் விட்டும் பார்க்கிறார். கூச்சப்பட்டு அதைத் தள்ளிப்போட வேண்டாம். இளவயதில் 20 கிராம் அளவில் இருக்கிற சுரப்பி, வயதாக ஆக வளர்ந்து நடுவில் ஓடும் சிறுநீர்க் குழாயை நெருக்குகிறது. ஸ்கேனில் பார்க்க வேண்டியவை இரண்டு: சுரப்பியின் அளவு, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பது. சிறுநீரின் வேகத்தையும் கருவியில் அளப்பார்கள். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் வந்தால் நல்லது, 10க்குக் கீழே இறங்கினால் அடைப்பு என்று சந்தேகப்படுவார்கள். ஏழு கேள்விகள் கேட்டு 35க்கு மதிப்பெண்ணும் போடுவார்கள். 7 வரை லேசானது, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. லேசான நிலையில் வைத்தியமே வேண்டாம். மாலைக்கு மேல் காபியைக் குறைத்து, தூங்கப் போகும் முன் தண்ணீரைக் குறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்.

மாத்திரைகளில் இரண்டு வகை முக்கியம். டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையைத் தளர்த்துகின்றன. சில நாளிலேயே வித்தியாசம் தெரியும், ஆனால் சுரப்பி ஒரு கிராம்கூடச் சுருங்காது. ஃபினாஸ்டெரைட், டுட்டாஸ்டெரைட் என்கிற இரண்டாவது வகை சுரப்பியையே சுருக்குகிறது. ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், கிடைக்கிற சுருக்கமும் கால் பங்கு அளவுதான். பெரிய சுரப்பி உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக நாலரை வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். இரு வகையையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 66 சதவீதம் குறைந்தது. ஆகவே மாத்திரை வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிங்கப்பூரில் இருக்கிற என் மகனும், “மாத்திரையே கேக்குதுன்னா எதுக்கு அப்பச்சி ஆபரேஷன்?” என்றுதான் கேட்டான். நியாயமான கேள்வி.

அதற்கான பதில் வீட்டில் இருந்தது. நம் பக்கத்து வீடுகளின் அமைப்பு வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று நீண்டுகொண்டே போய், கழிப்பறை கடைசியில் பின்கட்டுப் பக்கம் இருக்கும். இடையில் உயரமான நிலைப்படிகள், வளவைச் சுற்றி இறங்கி ஏறும் கல்படிகள், தண்ணீர் பட்டால் வழுக்குகிற ஆத்தங்குடிக் கல் தரை. படுத்திருந்தவர் சட்டென்று எழும்போது ரத்த அழுத்தத்தைத் திடீரென்று இறக்கிவிடுவது முதல் வகை மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு. ஏற்கெனவே பிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது இன்னும் கூடும். எனக்கு ராத்திரி எழுந்து நின்றதும் தலை சுற்றும், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். “நீங்க எந்திரிக்கிற சத்தம் கேட்டாலே எனக்குத் தூக்கம் போயிருது” என்று ஆச்சி சொல்வது வழக்கமாகிவிட்டது. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதைச் சுற்றத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புராஸ்டேட்டைப் பற்றிப் பேசும்போது சிறுநீரை மட்டும் பேசினால் போதாது, அந்த இருட்டில் நடக்கிற நடையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

படுக்கைக்குப் பக்கத்தில் யூரின் கேன் வைத்துக்கொள்ளலாம், இரவு விளக்கு போடலாம், எழுந்ததும் கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டு நடக்கலாம். மாத்திரையில் இருப்பவர்கள் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். ஆனால் இவையெல்லாம் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டியவை. மாத்திரையை நிறுத்தினால் பழைய கதை திரும்பிவிடும்.

மாத்திரையின் பராமரிப்பில் இன்னும் சில உண்டு, அவற்றை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. கண்புரை அறுவைக்குப் போகும்போது டாம்சுலோசின் சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும்கூட, கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கருவிழித் திரை தளர்ந்துபோய் அறுவை சிக்கலாகும், முன்பே தெரிந்தால் அதற்குத் தயாராக இருப்பார்கள். டுட்டாஸ்டெரைட் சாப்பிட்டால் பிஎஸ்ஏ அளவு பாதியாகக் குறைந்து காட்டும், அதை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். தெரியாத ஒருவர் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். தாம்பத்திய ஆசை குறைவது, விறைப்பு குறைவது சிலருக்கு நேரும். புராஸ்டேட் தொந்தரவுக்கும் கொடுக்கிற டாடலாஃபில் மாத்திரையை, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் தொடவே கூடாது. அப்புறம் சளிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரைகள். அவற்றில் பல, அடைப்பு உள்ளவருக்குச் சிறுநீரை மொத்தமாக நிறுத்திவிடக்கூடும். நடுராத்திரியில் அடிவயிறு கல்லாக வீங்கி, சிறுநீரை வெளியேற்ற டியூப் போட வண்டி பிடித்து ஓட வேண்டியிருக்கும்.

மாத்திரையில் எத்தனை காலம் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது சிறுநீர்ப்பைதான். அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அதன் சுவர் தடிக்கிறது, பிறகு தளர்ந்துவிடுகிறது. முழுக்கத் தளர்ந்த பிறகு அடைப்பை நீக்கினாலும் சிறுநீர் முன்போல வரும் என்று எந்த மருத்துவராலும் உறுதி தர முடியாது. மிச்சம் நிற்கிற சிறுநீர் ஒவ்வொரு ஸ்கேனிலும் கூடிக்கொண்டே போனால், உடம்புக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், அது எச்சரிக்கை. திரும்பத் திரும்பச் சிறுநீர் அடைத்துக்கொள்வது, அடிக்கடி கிருமித் தொற்று, பையில் கல், ரத்தம் நிற்காமல் போவது, சிறுநீரகம் வீங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையின் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

நெருஞ்சில் கஷாயத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் நிறைய. வளர்ந்த சுரப்பியை அது சுருக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. மேல்நாட்டில் இதற்காக விற்கிற சா பால்மெட்டோ என்கிற பனைக் காய்ச் சாற்றை 2006லும் 2011லும் முறையாகச் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை.

இனி அறுவைக்கு வருவோம். டியுஆர்பியில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்து, சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியை விட்டு, அடைக்கிற சதையைச் சீவிச் சீவி எடுக்கிறார்கள். வெளியில் தையல் கிடையாது. பல பத்தாண்டுகளாகச் செய்யப்படுவதால் கைதேர்ந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள், அதுதான் இதன் பெரிய பலம். பழைய முறையில் கழுவுகிற திரவம் ரத்தத்தில் கலந்து சோடியம் இறங்கிப்போகும் ஆபத்து இருந்தது. இப்போது பைபோலார் கருவியில் சாதாரண உப்புத் தண்ணீரையே பயன்படுத்துவதால் அந்தப் பயம் நீங்கிவிட்டது. சுரப்பி 30லிருந்து 80 கிராமுக்குள் இருந்தால் டியுஆர்பி தாராளமாகப் போதும். அந்த அளவில் லேசருக்கென்று கூடுதலாகச் செலவழித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

என்னுடையது 80ஐத் தாண்டியிருந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததற்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன். இந்த இரண்டும் சேர்ந்தால் ஹோலெப்புக்குத்தான் நியாயம் அதிகம். 1990களில் நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங்கும் அவர் குழுவினரும் வளர்த்தெடுத்த முறை இது. ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து கழற்றுவது மாதிரி, வளர்ந்த சதை முழுவதையும் ஹோல்மியம் லேசரால் உறையிலிருந்து பிரித்துப் பைக்குள் தள்ளி, அங்கே அரைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். எவ்வளவு பெரிய சுரப்பியானாலும் செய்யலாம், ரத்தப்போக்கு குறைவு, டியூப் இருக்கிற காலமும் குறைவு. எனக்குத் தீர்மானமாக அமைந்தது இன்னொன்று. சதை முழுவதும் வந்துவிடுவதால் அடைப்பு திரும்பி வந்து மறுபடி அறுவை செய்துகொள்கிறவர்கள் மிகக் குறைவு. டியுஆர்பியில் வருடத்துக்கு நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு மறு வைத்தியம் தேவைப்படுகிறது என்பது பொதுவான கணக்கு. அதுவும் குறைவுதான். ஆனால் பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கும்போது, எண்பது வயதில் இன்னொரு தடவை மதுரைக்குப் போய்ப் படுக்க வேண்டாம் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது.

லேசரில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. டியூப் எடுத்த பிறகு இருமினாலும் எழுந்தாலும் சிறுநீர் கசிந்தது, வாரக்கணக்கில் பேட் வைத்துக்கொண்டேன். அடியிடுப்புத் தசையை இறுக்கி விடுகிற பயிற்சியைச் செய்யச் செய்ய நின்றது. ஒரு சிலருக்கு மாதங்கள் ஆகும். இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று சிறுநீர் சிவந்து வரலாம், அது பெரும்பாலும் புண் பொருக்கு உதிர்வதுதான். தண்ணீர் நிறையக் குடித்தும் தெளியாவிட்டால், கட்டியாக வந்தால், உடனே கிளம்ப வேண்டும். மலச்சிக்கல் வராமல் பார்ப்பது, பளு தூக்காமல் இருப்பது, சில வாரம் பைக் ஓட்டாமல் இருப்பது எல்லாம் உண்டு. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்கள் அதற்குச் சில மாதம் முன்பே அறுவையை வைத்துக்கொள்வது நல்லது. இவ்வளவு கவனிப்பும் ஒன்றிரண்டு மாதத்தில் முடிந்துவிடுகிறது, மாத்திரையின் கவனிப்பு முடிவதில்லை. என் கணக்கு அவ்வளவுதான்.

ஒன்றைக் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். டியுஆர்பி, ஹோலெப் இரண்டிலுமே பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் பின்னால் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, விறைப்பும் பொதுவாக மாறுவதில்லை. ஆனால் அறுபதிலேயே அறுவைக்குப் போகிறவருக்கு இது பெரிய விஷயமாக இருக்கலாம். அவர்களுக்காகத்தான் சதையை ஒதுக்கிப் பிடிக்கிற யூரோலிஃப்ட் என்கிற கிளிப்பும், ரெஸூம் என்கிற நீராவி வைத்தியமும் வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்தவர்களில் இவற்றைச் செய்துகொண்டவர் யாரும் இல்லை, அதனால் ஆய்வில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். இவற்றில் விந்து வெளியேறுவது பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் ஐந்து வருடத்தில் யூரோலிஃப்ட் செய்தவர்களில் 13 சதவீதத்துக்கும் மேல், ரெஸூம் செய்தவர்களில் 4 சதவீதத்துக்கும் மேல் மறுபடி அறுவைக்கு வந்தார்கள். மிகப் பெரிய சுரப்பிக்கு இவை பொருந்தா.

செலவைப் பொறுத்தவரை, லேசர் டியுஆர்பியைவிடக் கூடுதல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த முறைக்கு எவ்வளவு என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையில் தொடர்கிறவர்களுக்கு மக்கள் மருந்தகத்தில் விலை வெகுவாகக் குறையும்.

தலைசுற்றல் இல்லாமல், மிச்சச் சிறுநீர் கூடாமல், மாத்திரை ஒத்துக்கொள்கிறவர்கள் அதிலேயே இருக்கலாம். அவர்களை அறுவைக்குத் தள்ள எனக்கு மனம் வராது. ராத்திரி எழுவதை மட்டும் நிறுத்துவதற்காக அறுவையை நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அறுவையில் கடைசியாகத் தீர்கிற தொந்தரவு அதுதான். சுகர், கால் வீக்கம், இதயப் பலவீனம் இருந்தாலும் இரவில் சிறுநீர் அதிகம் சுரக்கும். இரவு பகல் இரண்டையும் அளவுக் கோப்பையில் பிடித்து மூன்று நாள் குறித்து வையுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வந்தால், புராஸ்டேட்டைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது. அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள்.

லேசருக்கே போவது என்று முடிவெடுத்தால், இயந்திரத்தின் பெயரைவிடச் செய்கிறவரின் கையைப் பற்றி விசாரியுங்கள். ஹோலெப் கைவர ஒருவருக்கு இருபதிலிருந்து ஐம்பது அறுவைகள் வரை ஆகும் என்கிறார்கள். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், என் அளவுச் சுரப்பிக்குச் செய்திருக்கிறீர்களா, எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா, ஊருக்குத் திரும்பிய பிறகு ராத்திரி ரத்தம் வந்தால் எந்த எண்ணில் யார் எடுப்பார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் தேதி வாங்குங்கள்.