கேசட், சிடி, பென்டிரைவ், ஆப்: மலையேறும் பாட்டுக்கு எது தோது?

கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் இன்றும் பென்டிரைவ்தான் அதிகம் பாடுகிறது. டிரைவர்களிடம் ஸ்மார்ட்போன் இல்லாமல் இல்லை. லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் சிக்னல் வளைவுக்கு வளைவு போய்ப் போய் வரும். பாதிப் பாட்டில் நின்றால் பின்சீட்டு அக்காமார் சும்மா விடமாட்டார்கள்.

பாட்டுக்கு ஆப்பா, கேசட், சிடி மாதிரி கையில் பிடிக்கிற பொருளா என்று பேச ஆரம்பித்தாலே சண்டை வருகிறது. எதில் கேட்பது, எதில் வைத்துக்கொள்வது என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

கேட்பதற்கு ஆப்பை அடிக்க ஆள் இல்லை. பாட்டின் முதல் வரி பாதி ஞாபகம் இருந்தாலும் கிடைத்துவிடுகிறது. இடமும் அடைக்காது. குமுளி டவுனில் உட்கார்ந்து கேட்க அது போதும்.

வைத்துக்கொள்வது என்று வந்தால் கதை வேறு. ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப் 2024 ஜனவரியோடு இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டு விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் அறிவித்தது. 2023 மார்ச்சில் உரிம ஒப்பந்தம் ஒத்துவராமல் ஜீ மியூசிக் கம்பெனியின் பாடல்கள் ஸ்பாட்டிஃபை ஆப்பிலிருந்து நீக்கப்பட்டன. டவுன்லோட் செய்துவிட்டேனே என்பீர்கள். ஸ்பாட்டிஃபையில் அப்படி இறக்கியதை 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் இணைத்துக் காட்ட வேண்டும். சந்தா நின்றால் அதுவும் போச்சு.

இதற்கு எதிரில் கேசட்டை வைப்போம். பிலிப்ஸ் 1963-இல் கொண்டுவந்தது. உள்ளே நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத நாடா, அறுபது நிமிட கேசட்டில் ஏறத்தாழ 90 மீட்டர். அதன்மேல் பூசிய காந்தத் துகளில்தான் பாட்டு இருக்கிறது. எங்கள் பக்கம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்தால் அலமாரித் துணியே பூசணம் பிடிக்கும், நாடா தப்புமா? சுற்றின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதைப் போட்டுப் பார்க்காதீர்கள். அது பூசணம். பொடி, நாடாவைப் படிக்கும் பிளேயர் ஹெட்டில் ஒட்டும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும்.

ஆனாலும் கேசட்டுக்கு என்று ஒரு பெருமை உண்டு. ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச்சீட்டில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகள் இந்த எல்லையோர வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. ஏ பக்கம் இளையராஜா, பி பக்கம் யேசுதாஸின் மலையாளப் பாட்டுகள், உறையில் கடைக்காரரின் கையெழுத்து. சிலதில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்திருக்கும், நாடா அவ்வளவுதான். இந்தத் தொகுப்பு எந்த ஆப்பிலும் இல்லை. ஒலித்தரத்துக்காகக் கேசட் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

என் ஓட்டு சிடிக்கு. 1982-இல் கடைக்கு வந்தது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிந்து வைத்திருக்கிறது. ஒளிக்கதிர் மட்டுமே படுவதால் ஓட ஓடத் தேயாது. பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திக் காப்பார்கள். உண்மையில் ஆபத்து மேலே, பெயர் அச்சிட்ட பக்கத்தில். பிரதிபலிக்கும் படலம் அங்கே மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அதில் ஆணி கீறினால் பாட்டே போய்விடும். அடிப்பக்கத்தைத் துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். அப்புறம், இதெல்லாம் கம்பெனி சிடிக்குத்தான். நூற்றைம்பது பாட்டு என்று பஸ் ஸ்டாண்டில் விற்ற எம்பி3 சிடி பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எழுதியது, அதில் பாட்டு சாயப் படலத்தில்தான் பதிந்திருக்கும். வெயிலில் அந்தச் சாயம் வெளுக்கும்.

ஊசி வைத்துக் கேட்கும் பெரிய இசைத்தட்டு, எல்பி? அமெரிக்காவில் 2022-இல் சிடியைவிட எல்பி அதிக எண்ணிக்கையில் விற்றது. சந்தோஷம். இங்கே அதன் ஊசி தேய்ந்தால் மதுரைக்கோ எர்ணாகுளத்துக்கோ ஓட வேண்டும். எனக்கு அது கட்டுப்படியாகாது.

பென்டிரைவ் ஜீப்புக்கு ராஜா, அலமாரிக்கு ஆகாது. கரண்டே காட்டாமல் வருடக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளிருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசிந்து ஃபைல் கெடலாம். சிடியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றி, அங்கிருந்து பென்டிரைவுக்கு ஒரு நகல் எடுத்து, சிடியை அலமாரியில் வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

வீட்டில் பழைய கேசட் இருப்பவர்கள் அதிலுள்ள பாட்டை மழைக்கு முன்பே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். பிளேயரில் போடும் முன் கேசட்டின் முதுகுப் பக்கமுள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிட்டால், கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் இறங்காது. பிறகு மறுபடி பதிய வேண்டுமென்றால் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் போதும்.