‘3 + 3’: பதினேழு ஆண்டுகள் கேட்ட பிறகு

ஐஸ்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசைக்குழுவின் ‘3 + 3’ ஆல்பத்தை 2008இல் சிடியாக வாங்கினேன். அதன் பெட்டி உடைந்து, உள்ளே இருந்த தாளின் ஓரங்கள் வெளுத்துவிட்டன. பின்னர் எல்பி இசைத்தட்டாகவும் வாங்கினேன். கைபேசியிலும் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்தாலே எண்ணூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். முதல் மாதத்தில் இதைப் பற்றி எழுதியிருந்தால் கிட்டாரைத் தவிர வேறெதையும் எழுதியிருக்க மாட்டேன். இப்போது எழுதுவதற்கு நிறைய இருக்கிறது.

பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் தேவாலயப் பாடல்களோடு வளர்ந்த அண்ணன் தம்பிகள் இவர்கள். ஆரம்பத்தில் நால்வராகப் பாடினார்கள். 1955இல் அவர்களில் ஒருவனான வெர்னான் என்ற சிறுவன் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துபோனான். மீதமிருந்த ஓ’கெல்லி, ருடால்ஃப், ரொனால்டு மூவரும் நியூயார்க்குக்குப் போய் 1959இல் ‘ஷௌட்’ பாடினார்கள். 1962இல் இவர்கள் பாடிப் புகழ்பெற்ற ‘ட்விஸ்ட் அண்ட் ஷௌட்’ பாடலை அடுத்த ஆண்டே பீட்டில்ஸ் பாடி உலகெங்கும் கொண்டுபோனார்கள். இந்த மூவரும்தான் பெயரில் இருக்கும் முதல் மூன்று.

இரண்டாவது மூன்று, குடும்பத்தில் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகள்: கிட்டார் வாசிக்கும் எர்னி, பேஸ் கிட்டார் வாசிக்கும் மார்வின், கீபோர்டு வாசிக்கும் கிறிஸ் ஜாஸ்பர். எர்னியும் மார்வினும் கடைசித் தம்பிகள். கிறிஸ், ருடால்ஃபின் மனைவிக்குத் தம்பி, அதாவது மைத்துனன். 1973 ஆகஸ்டில் ஆல்பம் வெளிவந்தபோது எர்னிக்கும் கிறிஸ்ஸுக்கும் வயது இருபத்தொன்று. மார்வினுக்கு இன்னும் இருபதுகூட நிறையவில்லை. பதினான்கு ஆண்டுகளாகப் பெயரெடுத்த அண்ணன்மார், இந்தப் பையன்களைப் பின்னணியில் நிறுத்தாமல் தங்களுக்குச் சமமாக வைத்துத் தலைப்பிலேயே எழுதினார்கள். அந்த ஒரு முடிவைத்தான் இந்த ஆல்பம் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது.

முதல் பாடல் ‘தட் லேடி’. இது இவர்களே 1964இல் ‘ஹூஸ் தட் லேடி’ என்று பாடி, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் போன பாடல். பழைய பதிவைத் தேடிக் கேட்டுப் பாருங்கள். மெட்டு ஏறக்குறைய அதேதான். மென்மையான, கொஞ்சம் லத்தீன் சாயல் உள்ள நடை. 1973இல் அதே மெட்டுக்குள் கொங்கா என்ற கைமுரசும் ஆர்கனும் ஓடத் தொடங்க, அவற்றின் மேல் எர்னியின் கிட்டார் தீப்பற்றியதுபோல் எழுகிறது. ஃபேஸ் ஷிஃப்டர் என்ற கருவி ஒரே ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் அலையைச் சற்றுத் தள்ளி மீண்டும் சேர்க்கும். அதனால்தான் அந்தக் கிட்டார் நம் தலையைச் சுற்றிச் சுழல்வதுபோல் இருக்கிறது. 1964இல் இவர்களுடைய குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டு, நியூஜெர்சியில் இவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தவர், பின்னாளில் ராக் கிட்டாரில் பெரும்புகழ் பெற்ற ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அப்போது எர்னி பன்னிரண்டு வயதுச் சிறுவன். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தச் சுழற்சி வேறு மாதிரி மனத்தைத் தொடும். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இந்தப் பாடல் ஆறாம் இடம் வரை போனது. 2014இல் ராப் பாடகர் கென்ட்ரிக் லாமர் இதை எடுத்து ‘ஐ’ பாடலைக் கட்டினார். என் அண்ணன் மகன் அதைக் கேட்டுவிட்டுத்தான் இந்த ஆல்பத்துக்கு வந்தான்.

எல்பி வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் காதைத் திருப்பியது அதுதான். பழைய இசைத்தட்டுகள் விற்கும் ஒருவரிடமிருந்து தபாலில் வரவழைத்தேன். புதிது போலிருக்கிறது என்று உறுதி சொல்லியிருந்தார். வந்த தட்டின் விளிம்பு வளைந்திருந்தது. ‘தட் லேடி’ விளிம்பில் இருக்கும் பாடல். முள் குதித்துக் குதித்து ஓடியது. பணமும் திரும்பி வரவில்லை. அந்த வருத்தம் நெடுநாள் இருந்தது. ஆனால் தட்டு வளைந்திருந்தது விளிம்பில் மட்டுமே. மையத்துக்கு அருகில் இருக்கும் பாடல்கள் எந்தக் குறையும் இல்லாமல் ஒலித்தன. அதனால் இரண்டாம் பக்கத்தின் கடைசி இரண்டு பாடல்களிலேயே முள்ளை வைக்கப் பழகினேன்: ‘சம்மர் பிரீஸ்’, ‘தி ஹைவேஸ் ஆஃப் மை லைஃப்’. சிடியில் அந்த இடத்துக்கு வருவதற்குள் பெரும்பாலும் வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

‘சம்மர் பிரீஸ்’ இவர்களுடைய பாடலல்ல. சீல்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் 1972இல் வெளியிட்டது. ஆல்பத்தின் ஒன்பது பாடல்களில் நான்கு இப்படிப்பட்டவை. ஜேம்ஸ் டெய்லர், டூபி பிரதர்ஸ், ஜோனதன் எட்வர்ட்ஸ் ஆகியோரின் பாடல்கள் மற்ற மூன்று. நான்குமே 1971, 1972இல் வானொலியில் புதிதாக ஒலித்துக்கொண்டிருந்த வெள்ளையர் பாடல்கள். தங்கள் பாடலை வெள்ளையர் எடுத்துப் பாடிப் பெரும்புகழ் பெற்றதைப் பார்த்த சகோதரர்கள், பத்து ஆண்டு கழித்து அந்தப் பக்கத்திலிருந்து பாடல்களை எடுத்துத் தங்கள் தேவாலயக் குரலில் பாடுகிறார்கள். ரொனால்டு அந்தக் கோடைக்காற்றை அவசரமில்லாமல் பாடுகிறார். ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்தி, உடைத்து, மேல் ஸ்தாயியில் நூல்போல் இழுத்து விடுகிறார். மூலப் பாடல் ஒரு வீட்டின் இனிமையான மாலைப்பொழுது. இவர்கள் பாடும்போது அந்த வீட்டுக்கு நெடுந்தொலைவிலிருந்து ஒருவர் திரும்பி வருகிறார். கடைசியில் எர்னி மறுபடியும் கிட்டாரோடு எழுகிறார். இங்கே அது ‘தட் லேடி’யில் இருப்பதைவிட அழுத்தமானது என்பது என் முடிவு.

டூபி பிரதர்ஸின் ‘லிசன் டு தி மியூசிக்’ மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை. மூலத்தின் துள்ளலை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தங்களுடையது எதையும் அதில் வைக்கவில்லை. பல நாள் அதைத் தாண்டிவிடுகிறேன். ‘யூ வாக் யுவர் வே’ எனக்குப் பிடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. ‘இஃப் யூ வேர் தேர்’ எந்நாளும் சலிக்காத சின்னப் பாடல்; 1984இல் வாம் குழுவினர் அதைப் பாடியதும் கேட்க நன்றாகவே இருக்கும்.

கேட்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இதைக் கேட்டுவிட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். மார்வினின் பேஸ் அதில் அறவே காணாமல் போய்விடும்; இந்த ஆல்பம் நடப்பது அந்தக் கால்களில்தான். லாஸ் ஏஞ்சலிஸின் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவில், மால்கம் செசில், ராபர்ட் மார்குலெஃப் என்ற இரண்டு ஒலிப்பொறியாளர்களோடு பதிவானது இது. டாண்டோ என்ற மாபெரும் சிந்தசைசரை, அதாவது மின்னணு இசைக்கருவியை, கட்டிய அந்த இருவரும் அதே காலத்தில் பாடகர் ஸ்டீவி வொண்டரோடும் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். ஒவ்வொரு வாத்தியத்தையும் சுற்றி இருக்கும் காற்று நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால்தான் தெரியும். கிறிஸ்ஸை அப்படித்தான் நான் கண்டுகொண்டேன்.

கிட்டார் மிக உரக்கப் பேசுவதால், அதன் அடியில் யார் நிலத்தைப் பரப்பிவைத்திருக்கிறார் என்று கவனிக்கத் தோன்றுவதில்லை. நியூயார்க்கின் ஜூலியார்டு கலைப் பள்ளியில் இசை படித்துவந்த பையன் அவர். ஒவ்வொரு பாடலிலும் சுரக்கூட்டுகளை அடுக்கிக்கொடுத்து, எர்னி பறப்பதற்கு வானத்தை விரிப்பது அந்தக் கைகள். ‘தி ஹைவேஸ் ஆஃப் மை லைஃப்’ தொடங்கும்போது பியானோ மட்டும் ஒலிக்கிறது. ரொனால்டு காத்திருக்கிறார். முப்பத்திரண்டு வயதுப் பாடகர், இத்தனை வெற்றிகளைப் பார்த்தவர், அண்ணியின் தம்பி வாசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, அதற்குப் பிறகு மெல்லக் குரல் கொடுக்கிறார். சிடியில் எட்டு ஆண்டுகளாக நான் தவறவிட்டது இந்த இடத்தைத்தான்.

ஓ’கெல்லி 1986இலும், மார்வின் 2010இலும், ருடால்ஃப் 2023இலும் போய்விட்டார்கள். கிறிஸ் ஜாஸ்பர் 2025 பிப்ரவரியில் மறைந்தார். செய்தி தெரிந்த இரவு வளைந்த அந்தத் தட்டை எடுத்து, இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடலில் முள்ளை வைத்தேன். பியானோ தொடங்கியது. ரொனால்டு வாய் திறப்பதற்கு முன்பே முள்ளைத் தூக்கி மறுபடியும் முதலில் வைத்தேன், மூன்று முறை.