இழுத்துப்போகும் காருக்கு எந்த பிரேக்? பெட்டியா, பொருத்தியதா?

மோட்டர்ஹோம் (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாங்கிய முதல் வருடம் பின்னால் கார் இல்லாமல்தான் அமெரிக்காவைச் சுற்றினோம். கேம்ப்கிரவுண்டில் தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் எல்லாம் மாட்டி முடித்து உட்காரும்போதுதான் பால் தீர்ந்துபோனது தெரியும். உடனே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 32 அடி வண்டியைக் கடைக்கு ஓட்டவேண்டும். இரண்டு தடவை அப்படிப் போனபிறகு ஒரு 2014 ஹோண்டா சிஆர்வியைத் தேடிப் பிடித்தோம். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப்போகலாம் என்று ஹோண்டா சொன்ன கடைசி வருட சிஆர்வி அது. 2015இல் சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வந்ததும் அந்தக் கதை முடிந்தது. இப்படி இழுபடும் காரை இங்கே 'டோட்' என்பார்கள், ஆங்கிலத்தில் தேரைக்கும் அதே உச்சரிப்பு.

காரை வண்டியோடு இணைக்கும் டோ பார், விளக்கு வயரிங் எல்லாம் ஒரே நாளில் முடிவாகிவிட்டது. பிரேக்கில்தான் மூன்று மாதம் மாட்டிக்கொண்டேன்.

பிரேக் எதற்கு, முன்னால் போகும் பெரிய வண்டியே நிறுத்திவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சமதரையில் நிறுத்தும், மலை இறக்கத்தில் சந்தேகம்தான். பின்னால் 3,400 பவுண்டு தள்ளிக்கொண்டே வரும். டோ பாரை மாட்டும் ஹிட்ச்சில் 5,000 பவுண்டு என்று போட்டிருப்பது இழுக்கும் கணக்கு, நிறுத்தும் கணக்கு வேறு. அதற்கு மோட்டர்ஹோமின் சேஸிஸ் (அடிச்சட்டம்) கையேட்டைப் பார்க்கவேண்டும். சட்டமும் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பல இடங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். நாலு மாநிலம் கடந்து போகிறவர் எல்லை எல்லையாக விதி பார்த்துக்கொண்டிருக்க முடியாது, போட்டுவிடுவதுதான் நிம்மதி.

சரி, எதைப் போடுவது? விலையை விடுங்கள். நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: பின்னால் வரும் காருக்கு "இப்போது பிரேக் பிடி" என்று யார் சொல்கிறார்கள்?

பெட்டி வகையில் (ஆர்விஐ3, ப்ளூ ஆக்ஸ் பேட்ரியட், ரோட்மாஸ்டர் ஈவன் பிரேக், பிரேக் பட்டி) அதைச் சொல்வது பெட்டிக்குள் இருக்கும் சென்சார். ஓட்டுநர் சீட்டுக்கு முன்னால் தரையில் வைத்து, அதன் கையைப் பிரேக் பெடலில் மாட்டி, சீட்டை முன்னே நகர்த்தி முட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. வேகம் குறைவதை உணர்ந்தால் பெடலை அழுத்தும். மெக்கானிக் வேலை கொஞ்சம்தான், கார் மாறினால் பெட்டியும் கூடவே வரும், வேண்டாமென்றால் விற்றுவிடலாம். ஆனால் இன்ஜின் ஓடாத காரில் பெடலை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் (வெற்றிடம்) கிடையாது. வாசலில் நிற்கும் காரில் மூன்று தடவை பெடலை மிதித்துப் பாருங்கள், நாலாவது தடவை கல் மாதிரி இருக்கும். பெட்டி அந்தக் கல்லைத்தான் அழுத்துகிறது, அழுத்தத்தையும் அதற்கேற்ற மாதிரிதான் வைத்திருப்போம். சிஆர்வியில் இதில் ஒரு சிக்கல் உண்டு. 8 மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் நடுவில் இன்ஜினை ஓடவிட்டு கிளம்பும்போது செய்த கியர் மாற்றும் சடங்கை மறுபடி செய்யவேண்டும். இன்ஜின் ஓடியதும் பூஸ்டரில் வேக்குவம் ஏறிவிடும். பெடலை மிதித்து அதைத் தீர்க்காமல் பெட்டியை மாட்டினால் முதல் சிக்னலிலேயே டயர் கிறீச்சிடும்.

நான் முதலில் வாங்கியது பெட்டிதான், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து, அது 11,000 அடிக்கு மேலே இருக்கிறது, மேற்கே சில்வர்தார்ன் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். டோ-ஹால் மோடில் (பாரம் இழுக்கும்போது போடுவது) இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நான் பிரேக்கைத் தொடவே இல்லை. பெட்டியின் சென்சிட்டிவிட்டியை நான் அதிகமாக வைத்திருந்தேன், தப்பு என்னுடையது. இன்ஜின் பிடிப்பதையே அது பிரேக் என்று எடுத்துக்கொண்டு அழுத்தி அழுத்தி விட்டிருக்கிறது. கீழே பெட்ரோல் பங்கில் நிறுத்தியதும் மனைவி, "என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருதே" என்றாள். முன் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை, அவ்வளவு அனல். டாஷில் பெட்டியின் மானிட்டர் விளக்கு எரிந்துதான் இருக்கிறது, வெயிலில் நான் கவனிக்கவில்லை.

ரெடிபிரூட் வேறு மாதிரி. டோ பாருக்குள்ளேயே மெக்கானிசம் இருக்கிறது. கார் முன்னால் தள்ளும்போது ஒரு நெம்புகோல், கேபிள் வழியாகப் பெடலை இழுக்கும். மின்சாரம் தேவையில்லை, பழுதாக அதிகம் எதுவும் இல்லை, எளிமைக்கு இதுதான் முதலிடம். ஆனால் நீண்ட இறக்கத்தில் கார் தள்ளிக்கொண்டேதான் வரும், அதனால் பிரேக் லேசாக உரசிக்கொண்டே இருக்க வாய்ப்புண்டு.

நிரந்தரமாகப் பொருத்துவதில் உங்கள் மோட்டர்ஹோமின் பிரேக் ஏர் பிரேக்கா (காற்றழுத்தம்), ஹைட்ராலிக்கா (திரவ அழுத்தம்) என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். ஏர் பிரேக் உள்ள டீசல் வண்டி என்றால் ஏர் ஃபோர்ஸ் ஒன் என்ற பிரேக் போதும், நான் மேலே தேடமாட்டேன். உங்கள் பிரேக் காற்றையே ஒரு குழாயில் காருக்குக் கொண்டுபோகிறது. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்களோ அந்த அளவுக்குத்தான் காரும் பிடிக்கும், காலை எடுத்தால் அதுவும் விடும். பூஸ்டருக்கு வேக்குவமும் கொடுத்துவிடுவதால் கல் பெடல் பிரச்சினையும் இல்லை.

என்னுடையது ஃபோர்டு எஃப்53 சேஸிஸ், பெட்ரோல் வண்டி, ஹைட்ராலிக். அதனால் எனக்கு மிஞ்சியவை இரண்டு. சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் இன்விசிபிரேக் பிரேக் லைட் சிக்னலைக் கேட்டு வேலை செய்யும், ஆனால் நீங்கள் மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி மிதித்தாலும் முன்பே வைத்த அதே அழுத்தம்தான். டெம்கோவின் ஸ்டே-இன்-ப்ளே டூயோ பிரேக் லைட்டையும் பார்க்கும், வேகம் குறைகிறதா என்பதையும் பார்க்கும், இரண்டும் சேர்ந்தால்தான் பிடிக்கும். சில்வர்தார்ன் அனுபவத்துக்குப்பிறகு எனக்கு இந்த "இரண்டும் சேர்ந்தால்" என்பதே போதுமானதாக இருந்தது, டூயோவைப் போட்டேன். கிட் விலை பெட்டியிலிருந்து பெரிதாக வித்தியாசப்படவில்லை, கூலிதான் கடித்தது. காரை மாற்றினால் கழற்றி மாட்டும் செலவு மறுபடியும் வரும், அது தெரிந்தேதான் போட்டேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றுகிறவர், இரண்டு கார்களை மாற்றி மாற்றி இழுக்கிறவர், பெட்டியையே வாங்கலாம். சென்சிட்டிவிட்டியைக் குறைவில் ஆரம்பித்து, ஆளில்லாத ரோட்டில் ஒரு மணி நேரம் சோதித்துப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் பிரேக்-அவே ஸ்விட்சை மறக்காதீர்கள். கார் கழன்றுபோனால் ஒரு சின்னக் கம்பி இழுபட்டு, தானாக பிரேக் போடும் ஸ்விட்ச் அது. சில வகையில் தனியாக வாங்கவேண்டும். கம்பியின் முனையை டோ பாரில் மாட்டியிருந்த ஒருவரைக் கேம்ப்கிரவுண்டில் பார்த்தேன். பார் மோட்டர்ஹோம் பக்கம் கழன்றால் கம்பியும் பாரோடு சேர்ந்து காருடனேயே போய்விடும், ஸ்விட்ச் இழுபடவே இழுபடாது. மோட்டர்ஹோமின் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள், கிளம்புவதற்கு முன் கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.